தீவு மடத்துக்கு எங்களைக் கூட்டிப்போன பிரதர்

இதை எழுத நான்கு தவக்காலங்கள் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு வருஷமும் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து நோட்டை எடுப்பேன். ரெண்டு வரி எழுதுவேன். ரெண்டும் அவரைத் திட்டுகிற வரியாகவே வரும். அதற்குமேல் கை ஓடாது, மூடி வைத்துவிடுவேன். இந்த வருஷம் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏசி காற்றுக்குழாய் செய்கிற பட்டறையில் தகரம் மடிக்கிற வேலை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் வேண்டாம். கோயிலுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அதற்கு அன்பியம் என்று பெயர். அந்த அன்பியத்தில் எல்லாரும் அவரை பிரதர் என்று கூப்பிட்டோம். அவர் இல்லாத இடத்தில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. ‘ரூல் மாத்திட்டான்’ என்று சொல்வோம்.

அந்தப் பெயர் வந்த கதை இது. என் மனைவி பிலோமி முதல்முறை விசாவில் வந்தபோது அவளுக்கு மெடிக்கல் எடுக்க வேண்டும். எங்கே போவது என்று அன்பியத்தில் கேட்டேன். கேள்வியை நான் முடிக்கவே இல்லை. பிரதர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். “தெரியும், தெரியும். நான் சொல்றேன்.” ஒரு இடம் சொன்னார், பஸ் நம்பர் சொன்னார், எந்த கவுன்டர் என்றுகூடச் சொன்னார். நான் ஒரு நாள் டூட்டியை விட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு பிலோமியைக் கூட்டிக்கொண்டு ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் போனேன். அங்கே மெடிக்கல் சென்டரே இல்லை. டயர் கடை இருந்தது. டயர் கடைக்காரர், ஒரு பாகிஸ்தான் பட்டாணியர், எங்களை உட்காரவைத்து சாயா கொடுத்தார். திரும்பி வந்து பிரதரிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

“நேத்துதான் ரூல் மாத்தியிருக்கான், பிரதர்.”

அந்த டயர் கடை ஏழு வருஷமாக அங்கே இருக்கிறதாம்.

ஆள் உயரம். ஒல்லி. லீவு நாளிலும் கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்கும். ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற வேலை. ஆனால் பேச்சைக் கேட்டால் அந்தக் கம்பெனியே அவரைக் கேட்டுத்தான் கட்டிடம் எழுப்புகிறது என்று நினைப்பீர்கள். ஊர் திருச்சிப் பக்கம், கடலுக்கு எட்டாத இடம். ‘எனக்குத் தெரியாது’ என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அந்தத் தடவையைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மீன் மார்க்கெட்டில் என்னோடு ஒருநாள் வந்தார். நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவன். அப்பா கட்டுமரம் ஏறியவர். ஐஸில் கிடந்த விளமீனைப் பிரதர் விரலால் குத்தினார். “இது நம்ம ஊரு பாறை. வறுத்தா நல்லாருக்கும்.” அது பாறை இல்லை பிரதர், விளமீன் என்றேன். “இங்க அதை பாறைன்னுதான் சொல்றான். உங்களுக்கு இந்த ஊரு மீன் பழக்கமில்லை.” விற்கிற மலையாளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் சிரித்துக்கொண்டேன். உள்ளே சிரிப்பு இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். எனக்குப் பட்ட காயம் வேறு.

அன்பியத்தில் வாரம் ஒருவர் பைபிள் வாசிப்போம். ஒருநாள் என் முறை. பழைய ஏற்பாட்டில் ராஜாக்களின் பெயர் வரிசையாக வருகிற இடம். எனக்கு மெதுவாகத்தான் வாசிக்க வரும். ஒரு நீளமான பெயரில் நின்றேன், திரும்ப ஆரம்பித்தேன், மறுபடி நின்றேன். பிரதர் எழுந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். “நீங்க உட்காருங்க பிரதர், நேரமாகுது.” மீதியை அவரே கடகடவென்று வாசித்தார். அந்தப் பெயரை அவரும் தப்பாகத்தான் வாசித்தார். ஆனால் நிற்கவில்லை. என் மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியில் காரில், “இட்ஸ் ஓகே டாடி, ஸ்லோவா படிச்சா தப்பில்ல” என்றாள். பிள்ளை ஆறுதல் சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அவரைப் பற்றி ஒரு நல்லது சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்லலாம். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதலில் வந்து நிற்பார். தொழிலாளர் கேம்பில் ஒருத்தர் இறந்தபோது உடம்பை ஊருக்கு அனுப்பப் பேப்பரோடு நாலு நாள் அலைந்தார். மூன்று நாள் தப்பான ஆபீஸில் அலைந்தார். ஆனாலும் அலைந்தார். நாங்கள் எல்லாம் ரூமில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இப்போது லூர்து அக்காவைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு சாத்தான்குளத்துக்குப் பக்கம், கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத ஊர். இருபத்திரண்டு வருஷம் ஒரு அரபி வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டையும் கோயிலையும் தவிர இந்த நாட்டில் ஒன்றும் பார்த்ததில்லை. விசா கேன்சல் ஆகி ஒரேயடியாக ஊருக்குப் போகிறாள். திங்கட்கிழமை ஃபிளைட். புதன்கிழமை மகளுக்குக் கல்யாணம். மகளை மூன்று வயதில் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள் அக்கா. அந்தக் கல்யாணத்துக்கு என்றே ஒரு பட்டுச்சேலையை வாங்கி மூன்று வருஷமாகப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

கடைசி வெள்ளிக்கிழமை அன்பியத்தில், போகுமுன் என்ன ஆசை என்று எல்லாரும் கேட்டோம். தங்கம் என்பாள், மால் என்பாள் என்று நினைத்தோம்.

“எங்க வீட்டுக் கிழவி, எஜமானிதான், ஒருநா சொன்னா,” என்றாள் அக்கா. “ஒரு தீவுல ஒங்க ஆளுவ மடம் ஒண்ணு இருந்துச்சு, ஈசா நபியை, அதான் நம்ம ஏசுவைக் கும்புடுத சாமியாருவ இருந்தாவ, எங்க தாத்தா காலத்துக்கெல்லாம் முந்தின்னா. அந்தக் கல்லைத் தொட்டு ஒரு செபம் சொல்லிட்டுப் போவணும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த மண்ணில் அவ்வளவு காலத்துக்கு முன்னால் நம் மடம் ஒன்று இருந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பிரதர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். “தெரியும், தெரியும். நான் போயிருக்கேன். நான் கூட்டிப்போறேன்.”

தீவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்களைப் பார்த்து இன்னொருத்தர் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது. வற்றுகிற நேரத்தில் சேற்றுத்தரை வெளியே தெரியும், நடந்து போகலாம். ஏறுகிற நேரத்தில் அது தீவு. அவ்வளவு போதும். பெர்மிஷன் எல்லாம் பேசிவிட்டேன் என்றார் பிரதர். யாரிடம் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வரும்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஆறு பேர் கிளம்பினோம். பிரதர், நான், பிலோமி, லூர்து அக்கா, கேம்பில் இருந்து ரெண்டு வெல்டர்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். தவக்காலம் என்பதால் எல்லாரும் ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான், காலையில் பால் இல்லாத வெறும் கட்டஞ்சாயா. அக்கா கழுத்தில் ஒரு கைப்பையை மாட்டியிருந்தாள். அதற்குள் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும். இருபத்திரண்டு வருஷம் விசா கொடுத்த கஃபீல் வீட்டு அலமாரியில் இருந்த பாஸ்போர்ட் வியாழக்கிழமைதான் அவள் கைக்கு வந்தது. குளிக்கப் போகும்போதுகூட அதைக் கழற்றவில்லையாம். “கார்லயே வச்சிட்டு வாங்கக்கா” என்றாள் பிலோமி. “ஏட்டி, இது கைக்கு வந்து ரெண்டு நாளுதான் ஆவுது. ஒன்னை நம்பினாலும் காரை நம்ப மாட்டேன்.”

வழியில் பிரதர் தப்பான எக்ஸிட்டில் இறங்கினார். “எக்ஸிட்டை மாத்திட்டான்” என்றார். வெல்டர்கள் ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் குலுங்கியது.

கரையில் இறங்கியபோது மணி பத்தரை. பிரதர் கணக்குச் சொன்னார். “ஆறு மணி நேரம் வத்தும், ஆறு மணி நேரம் ஏறும். இப்ப வத்தி முடிஞ்சிருக்கு. அப்ப நாலரை வரைக்கும் நமக்கு ரோடுதான்.”

அண்டாவில் தண்ணீர் பிடிக்கிறவன் சொல்கிற கணக்கு அது. கடல் அப்படி ஏறாது. தரை மேலே வருவதற்கு முன்னால் நடுவில் இருக்கிற ஓடைதான் நிறையும். போகும்போது கணுக்கால் தண்ணீரில் தாண்டிய ஓடை, வரும்போது வழியை மறித்துக்கொண்டு நிற்கும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், ‘உங்களுக்கு இந்த ஊரு கடல் பழக்கமில்லை’ என்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மடம் என்று அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் உயரச் சுவர்கள். கல்லும் சுண்ணாம்பும். சின்னச் சின்ன அறைகள், ஒரு ஆள் படுத்தால் சரியாக இருக்கும். கிழக்குப் பக்கம் கோயில் இருந்த இடம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. யாரும் இல்லை. காற்றும் சேற்றில் முளைத்த கண்டல் செடியும்தான். என் முழங்கால் தானாக மடங்கியது. கரண்ட் இல்லாமல், ஏசி இல்லாமல், இந்த வெயிலில் இந்த உப்பில் இருந்து ஜெபம் செய்திருக்கிறார்கள். நான் வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போக பார்க்கிங் இல்லை என்று முணுமுணுக்கிறவன். வெட்கமாக இருந்தது.

ஆனால் பிரதர் எங்கே சும்மா இருக்க விட்டார்? ஒவ்வொரு குழியையும் விளக்கினார். தண்ணீர் சேர்த்து வைக்கிற தொட்டியைக் காட்டி, பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற இடம் என்றார். ஒரு மூலையில் வட்டமாகக் கல் அடுக்கிக் கருகிப்போன இடம் ஒன்று இருந்தது. “இது ஒரு புனிதரோட கல்லறை. எல்லாரும் முழந்தாள் போடுங்க.”

முழந்தாள் போட்டோம். லூர்து அக்கா குனிந்து உள்ளே பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலில் கரி.

“பிரதர், இது அடுப்புல்லா.”

“சிஸ்டர், ரிசர்ச்ல சொல்லியிருக்கான்.”

“எந்த ரிச்சர்ட்டு சொன்னாலும் அடுப்பு அடுப்புதான். இருவத்திரெண்டு வருசமா நான் அதுக்குள்ளயேதான கெடந்தேன்.”

எல்லாரும் சிரித்துவிட்டோம். பிரதர் மட்டும் செபத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மற்றவர்கள் நகர்ந்த பிறகு அக்கா அந்த அடுப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். “அப்பம் சுட்டிருப்பான் பாவம்,” என்றாள் என்னிடம். “எல்லாரும் உள்ள பூசை பாக்கும்போது இவன் மட்டும் புகையில கெடந்திருப்பான்.” அவள் தேடி வந்த கல் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு பிரதர் சிலுவைப்பாதை ஆரம்பித்தார். ஆண்டவர் சிலுவை சுமந்துபோனதை நினைத்துப் பதினாலு ஸ்தலங்களில் நின்று ஜெபிப்பது அது. சுவர் நெடுக பதினாலு இடத்தைக் குறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிரசங்கம். உங்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். சிலுவைப்பாதையை நடுவில் நிறுத்த மாட்டோம். பிள்ளை அழுதாலும், மழை பெய்தாலும், போன் அடித்தாலும் பதினாலும் முடித்துத்தான் எழுவோம். ஆண்டவர் பாதி வழியில் சிலுவையைக் கீழே வைத்துவிட்டுப் போகவில்லையே.

சுவர் உயரம் இல்லை என்பதால் நாங்கள் நடந்து வந்த ஓடை எனக்குத் தெரிந்தது. ஓடைக்கரையில் சேற்றில் ஒரு நீல டிரம் கிடந்தது. எங்கிருந்தோ கடலில் மிதந்து வந்து ஒதுங்கியது. மூன்றாம் ஸ்தலத்தில் அது காய்ந்த சேற்றில் கிடந்தது. ஐந்தாவதில், ஆண்டவரின் சிலுவையைச் சுமக்க இன்னொருவர் உதவுகிற இடத்தில், டிரம்மின் அடி நனைந்திருந்தது.

ஏழாம் ஸ்தலத்தில் டிரம் மிதந்தது.

அப்போதே எழுந்திருந்தால் முழங்கால் தண்ணீரில் எல்லாரும் கரையேறியிருப்போம். எனக்கு அது நன்றாகத் தெரியும். “பிரதர், தண்ணி ஏறுது” என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? பக்கத்தில் பிலோமி கண்ணை மூடிக் கை குவித்திருந்தாள். சிலுவைப்பாதையை நிறுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் மனசில் அப்போது இருந்தது வேறு. இன்றைக்கு இந்த ஆள் எல்லார் முன்னாலும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு திருதிரு என்று முழிக்கட்டும். ‘ரூல் மாத்திட்டான்’ என்று கடலைப் பார்த்துச் சொல்லட்டும். அதை நான் பார்க்க வேண்டும். அந்த ஆசைதான் என் நாக்கைக் கட்டியது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர்க் கடல் என்ன ஏறினாலும் முழங்காலுக்கு மேல் வராது. இங்கேயும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். இந்த ஊர்க் கடல் எவ்வளவு ஏறும் என்று நான் யாரையும் கேட்டதில்லை. எனக்கும் எல்லாம் தெரியும் என்ற நினைப்புதான்.

பன்னிரண்டாம் ஸ்தலம், ஆண்டவர் உயிர்விடுகிற இடம். அதில் முழந்தாளிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது வழக்கம். பிரதர் அன்றைக்கு நீண்ட மௌனம் கொடுத்தார். காற்று நின்றிருந்தது. அந்த மௌனத்தில் தண்ணீர் கேட்டது. கண்டல் வேருக்குள் புகுந்து சளசள என்று. வெல்டர்களில் ஒருத்தன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பதினாலு முடிந்து எழுந்து திரும்பினார்கள். வந்த வழி இல்லை.

பிலோமி என் கையைப் பிடித்தாள்.  லூர்து அக்காதான் முதலில் பேசினாள். பயந்தால் அவளுக்கு வாய் நீளும்.

“என்ன பிரதர், கடலும் ரூலை மாத்திட்டானா?”

பிரதர் போனை எடுத்தார். பார்த்தார். வைத்தார். “டைம் இருக்கு. இது சும்மா மேல் தண்ணி” என்றார். 

அப்போது நான் முன்னால் வந்தேன். இதை எழுதும்போதுகூட அந்தக் கணத்தில் எனக்குள் இருந்த நிமிர்வு நினைவு வருகிறது. “நேர் வழி வேண்டாம்,” என்றேன். “ஓடை அங்கதான் ஆழம். பூநாரை நிக்கிற இடமாப் பாத்து வாங்க. அதுக காலு எவ்வளவு முங்கியிருக்கோ அவ்வளவுதான் தண்ணி.” பூநாரைகள் தெற்கே ஒரு வரிசையாக நின்றன. அந்த மணல்திட்டு வழியாகச் சுற்றி, பெண்களின் துப்பட்டாவையும் சேலை முந்தானையையும் முடிச்சுப் போட்டு எல்லாரும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முழங்கால். இடுப்பு. கடைசியில் பத்துப் பதினைந்து அடி தூரம் ஓடையைத் தாண்டியே ஆக வேண்டும். அங்கே நெஞ்சு வரை, இழுப்பும் இருந்தது. கால் வைத்தபிறகுதான் எனக்கே பயம் வந்தது. இது என் ஊர்க் கடல் இல்லை.

அக்கா குட்டை. அவளுக்குக் கழுத்து வரை வந்துவிடும். ஒரு கையால் அவளையும் மறு கையால் பிலோமியையும் பிடித்தேன். கைப்பை தண்ணீரைத் தொட்டது. அக்கா அலறினாள். “தம்பி, பாஸ்போட்டு! பாஸ்போட்டு!”

“குடுங்க சிஸ்டர், நான் உயரம்,” என்று பிரதர் பையை வாங்கிக்கொண்டார். ரெண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தைத் தூக்குகிற மாதிரி. “ஒரு கையால முந்தானையைப் பிடிங்க!” என்று கத்தினேன். அவருக்கு நீச்சல் தெரியாது. அதையும் அவர் சொல்லவில்லை. நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் அவர் இல்லை. பையும் இல்லை.

வெல்டர்கள் ரெண்டு பேரும் முங்கி, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள். வாயிலும் மூக்கிலும் தண்ணீர். கண் சிவந்து பிதுங்கியிருந்தது. ஆனால் பையை விடவில்லை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். “ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல” என்று இருமிக்கொண்டே சொன்னார்.

கரையில் அக்கா பையைத் திறந்தாள். பாஸ்போர்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கங்கள் ஒட்டியிருந்தன. போட்டோ இருந்த பக்கம் உப்பி, மை கலங்கி, அக்காவின் முகத்தில் பாதி இல்லை. அவள் அதைத் தன் ஈரச் சேலையிலேயே ஒற்றி ஒற்றிப் பார்த்தாள். ஈரத்தில் ஈரம் எப்படிப் போகும்?

பிறகு நிமிர்ந்து பிரதரைத்தான் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளை அவரிடம்தானே எல்லாரும் கேட்போம்.

“பிரதர், இதை வச்சிட்டு திங்கக்கெழம என்னை ஏத்துவானா?”

அவர் கண்ணை மூடவில்லை. தலையை ஆட்டவில்லை. ஐடி கார்டிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். 

“தெரியாது, சிஸ்டர்.”

எனக்குள் அப்போது ஒரு சந்தோஷம் வந்தது.

இதைத்தான் நான்கு வருஷமாக எழுத முடியவில்லை. அக்கா அழிந்துபோன பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் மனைவி நடுங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உள்ளே இனித்தது. புத்தகத்தை என் கையிலிருந்து எடுத்தாயே, இப்போது சொன்னாயா தெரியாது என்று, என்று இனித்தது. கொஞ்ச நேரம்தான். ஆனால் வந்தது.

திங்கட்கிழமை அக்காவை ஏற்றவில்லை. புதுப் பேப்பர் கைக்கு வர நாட்கள் ஆகின. கல்யாணத்தை எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுதான் பார்த்தாள். உப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனில். பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் படம் நின்றுவிட்டது. பிலோமி போனைத் தட்டினாள், ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். திரும்பப் படம் ஓடியபோது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். “கட்டியாச்சா?” என்றாள் அக்கா. “கட்டியாச்சுக்கா.” “சரி,” என்றாள். சேலை கசங்காமல் இருக்க உட்காரவே இல்லை அவள், கடைசி வரை.

கோயிலில் கதை பரவியது. பிரதர் ஐந்து பேரைக் கடலில் இறக்கிவிட்டார், நான் கரையேற்றினேன். இதுதான் கதை. பூநாரையின் காலைப் பார்த்து வழி சொன்னதை ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள், நானும் ஆளாளுக்குச் சொன்னேன். நீல டிரம்மை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த அன்பியத்தில் எனக்குக் கை தட்டினார்கள். என்னையே பைபிள் வாசிக்கச் சொன்னார்கள். மெதுவாக வாசித்தேன். யாரும் புத்தகத்தை எடுக்கவில்லை. பிரதர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வெல்டர் சத்தமாக, “பிரதர், மணி என்ன ஆச்சு, தெரியுமா?” என்று கேட்டான். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் அன்பியத்துக்கு வரவில்லை. சவுதியில், ஜுபைலில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நம் கோயில் இல்லாத இடம். வெள்ளிக்கிழமை ரூமுக்குள் இருந்து தனியாகத்தான் ஜெபிக்க வேண்டும்.

உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். “சாமி, பெருமைப்பட்டேன்” என்று சாமியாரிடம் சொன்னேன். மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தக் கணக்கில் அது தீராது என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

போன மாதம் லூர்து அக்கா ஊரிலிருந்து பேசினாள். பேரனுக்கு முதல் பல் முளைத்திருக்கிறதாம். பிறகு கேட்டாள், “அந்த மனுசன் கிட்ட பேசுதியா? எனக்கு மாசம் ஒருக்க போன் போடுதாரு. அங்கன உள்ளவனுவளுக்கு வத்தம் ஏத்தம் எல்லாம் சொல்லிக்குடுக்காராம். கடலைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்ங்காரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாருங்கள், ஆள் திருந்தவே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. “ஒவ்வொரு தடவயும் போனை வைக்கும்போது மன்னிச்சிருங்க சிஸ்டர்ங்காரு,” என்றாள். “பாவம், தெரியாமத்தான செஞ்சாரு.”

எனக்கு சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா ஹலோ ஹலோ என்றாள். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்வீர்கள். அடுப்பைக் கல்லறை என்றதைச் சொல்லுங்கள். கடலும் ரூலை மாற்றியதைச் சொல்லுங்கள், எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் சிரிப்புக்காக எதையும் குறைக்க வேண்டாம், எனக்காக எதையும் கூட்ட வேண்டாம். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். ஏழாம் ஸ்தலத்தில் நீல டிரம் மிதந்ததையும், அதை ஒருத்தன் பார்த்துக்கொண்டே முழந்தாளில் இருந்ததையும் விட்டுவிடாதீர்கள்.